ஆர்மேனிய இனப்படுகொலை: வகுப்பில் எந்தப் படத்தை, எப்படிக் காட்டலாம்?

கேள்வி: மேல்நிலை வரலாற்று ஆசிரியர், மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். முதல் உலகப் போரைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்தும்போது, உதுமானியப் பேரரசில் 1915-இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இறந்தவர்கள் 6 இலட்சம் முதல் 15 இலட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது என்றால், பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆகவே படம் காட்டலாம் என்று தோன்றுகிறது. எந்தப் படம், எவ்வளவு நேரம், கொடூரமான காட்சிகளை என்ன செய்வது என்பதில் உங்கள் கருத்தைக் கேட்கிறேன். தமிழ் வசன வரிகள் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், கும்பகோணம்

ஐயா, படத்தை 1915-க்குச் சான்றாகக் காட்டாதீர்கள். அது எடுக்கப்பட்ட ஆண்டுக்குத்தான் சான்று. முதலில் நிகழ்வை நீங்களே சொல்லிவிடுங்கள்: 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டாண்டினோபிளில் ஆர்மேனிய அறிவாளர்கள் கைது செய்யப்பட்டது, பிறகு குடும்பங்கள் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டது, ஜெர்மானிய இராணுவத்தில் இருந்த ஆர்மின் வேக்னர் அந்த அகதிகளைப் புகைப்படம் எடுத்தது.

அதன்பின் 2022-இல் வந்த 'அரோராஸ் சன்ரைஸ்' என்ற அசைவூட்ட ஆவணப்படத்திலிருந்து சில பகுதிகள் போதும். அதன் நாயகி அரோரா மார்டிகேனியன் அந்தப் படுகொலையிலிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். 1919-இல் தம் வாழ்க்கையைப் பற்றிய மௌனப் படத்தில் தாமே நடித்தவர். அந்தப் பழைய படத்தில் ஏறக்குறைய 20 நிமிடங்களே இன்று எஞ்சியுள்ளன. அதில் பெண்களைச் சிலுவையில் அறைந்திருப்பதாக ஒரு காட்சி வருகிறது. உண்மையில் நடந்தது அதைவிடக் கொடியது என்று அவரே முதிய வயதில் கூறியிருக்கிறார். தப்பிப் பிழைத்தவரே நடித்த படத்திலும் திரை தன் வசதிக்கேற்ப உண்மையை மாற்றிக்கொண்டது என்பதைப் பிள்ளைகள் விவாதித்தால், உங்கள் பாடவேளை அதற்கே சரியாகப் போய்விடும். புதிய படத்தில் வரையப்பட்ட காட்சிகள், அரோராவின் பழைய பேட்டி, மௌனப் படத்தின் துண்டுகள் ஆகிய மூன்றும் கலந்து வருவதால், எது எப்போது பதிவானது என்று கேட்டுக்கொண்டே நடத்தலாம். கொடுமை கோட்டோவியமாக வருவதால் பிள்ளைகளுக்கும் தாங்கும்.

பதில் 2: தமிழாசிரியர், நாகப்பட்டினம்

நம் பிள்ளைகளுக்கு வெண்மணியிலிருந்து தொடங்கினால் என்ன? 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் நினைவு நாள் ஊர்வலத்தைப் பார்க்கிறவர்கள்.

பதில் 3: வரலாற்று ஆசிரியை, மயிலாடுதுறை

தமிழாசிரியர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஓர் அரசே ஒரு மக்கள் கூட்டத்தை அழிக்க முனைந்ததும், நிலவுடைமையும் சாதியும் சேர்ந்து நிகழ்த்திய படுகொலையும் ஒன்றல்ல. 1948-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இனப்படுகொலையை எப்படி வரையறுக்கிறது என்பதைப் படிக்கவைத்தால் அந்த வேறுபாடு பிள்ளைகளுக்கே விளங்கும். இரண்டையும் ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், பின்னால் நடந்ததை ஒப்பிடுங்கள்: யார் தண்டிக்கப்பட்டார்கள், யார் நினைவு கூர்கிறார்கள், யார் மறுக்கிறார்கள்.

ஆர்மேனியப் படுகொலையை இனப்படுகொலை அல்ல என்று சொல்லும் மறுப்பைக் கற்பிக்க, இயக்குநர் ஆட்டம் இகோயனின் 'அராரத்' (2002) படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. வான் (Van) என்னும் நகரத்தின் உதுமானிய ஆளுநராக நடித்த நடிகர், படப்பிடிப்பு முடிந்தபின், தன்னை வீட்டில் கொண்டுவிட வந்த ஆர்மேனிய இளைஞனிடம், அது போர்க்காலம், பழையதை விட்டுவிடுவோம் என்கிற விதத்தில் பேசுகிறார். அவர் வில்லத்தனமாகப் பேசவில்லை, அன்பாகவே பேசுகிறார். முழுப் படம் பள்ளிக்கு ஏற்றதன்று. இந்தக் காட்சி மட்டும் போதும். இதோடு 2016-இல், இதே படுகொலையைப் பற்றிய 'தி பிராமிஸ்' படம் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்ட உடனேயே, அதைப் பார்த்திருக்கவே முடியாத பல்லாயிரம் பேர் இணையத்தில் அதற்கு மதிப்பெண் போட்டதையும் சொல்லுங்கள். அதில் மிகக் குறைந்த மதிப்பெண்கள்தான் மிகுதி. கைப்பேசியோடு வளரும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கேட்டவர், மன்னார்குடி

மிக்க நன்றி. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் இரண்டு பாடவேளைகளை ஒதுக்குகிறேன்: முதலில் வேக்னரின் படங்களும் அரோராவும், மறுநாள் 'அராரத்' காட்சி. வசனத்தை முன்கூட்டியே தமிழில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். வெண்மணி ஒப்பீட்டை அவர்களாக எழுப்பினால் அம்மா சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்கிறேன்; நானாகத் தொடங்கப்போவதில்லை.