இழுப்புக்கு மருந்து செங்கல்லா?

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
நேற்று மாங்காய் விலை பேசிக்கொண்டிருந்த இடத்தில் அரூர்க்காரர் ஒருவர் புகுந்து, "ஆஸ்துமா நுரையீரல் நோயே இல்லை, வயிற்றுப் புளிப்புதான். அப்பா கட்டிலின் தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல் வைத்தோம், இழுப்பு போயே போச்சு, இன்ஹேலரைப் பரண்மேல் போட்டுவிட்டோம்" என்று எழுதினார். அதற்குக் கைதட்டல் வேறு. 22 வருடமாகக் கடையில் நிற்கிறேன், இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அரூர்_வேலு:
தூக்கம் வரவில்லையா? ரெண்டு செங்கல் வைத்துப் பாருங்க அண்ணா. அப்பாவுக்கு இழுப்பு வருவதே ராத்திரி ரெண்டு மணிக்குத்தான். எழுந்து உட்கார்ந்தால் வாயெல்லாம் புளிப்பு, தொண்டை கரகரப்பு. எதுக்களித்து வரும் அமிலம் மூச்சுக்குழலில் துளி இறங்கினாலும் குழல் சுருங்கும், உணவுக்குழாயில் பட்டாலே நரம்பு வழியாகவும் சுருங்கும் என்று டாக்டரே படம் போட்டுக் காட்டினார். செங்கல் வைத்த வாரமே நின்றது.

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
அமிலம் ஏறாது என்று நான் எங்கே சொன்னேன்? 2009ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் கட்டுக்கடங்காத ஆஸ்துமா உள்ள 412 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல் மாத்திரை 40 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இழுப்பில் வித்தியாசமே இல்லை. மாத்திரையாலேயே ஆகாதது செங்கல்லால் ஆகுமா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
ஒரு சந்தேகம். வீசிங், சளி இருமல், மேல்மூச்சு எல்லாவற்றையும் ஆஸ்துமா என்கிறோமே, அப்பாவுக்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தார்களா?

தொப்பூர்_கணவாய்:
கடைக்கார அண்ணன் பாதியைத்தான் சொல்கிறார். அந்த 412 பேரும் நெஞ்செரிச்சல் இல்லாதவர்கள், இல்லையென்றால் லேசாக இருந்தவர்கள். பசிக்காதவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சோறு பசியைத் தீர்க்காது என்பதா? அப்புறம், இழுப்புக்குக் கொடுக்கிற தியோஃபிலின் மாத்திரையே இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்திவிடும். அதை விற்கும்போது சொல்வீர்களா?

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
சீட்டு இல்லாமல் நான் எதையும் கொடுப்பதில்லை. போன வருடம் ஒருவருக்கு அப்படிக் கொடுக்க மறுத்ததிலிருந்துதான் அவருக்கு என் மேல் இந்தக் காய்ச்சல், பெயர் சொல்ல வேண்டாம். அந்த 412 பேரில் நிறையப் பேருக்குக் குழாய் விட்டு அளந்தபோது அமிலம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கும் பலனில்லை. சரி, வேலு தம்பி, செங்கல்லுக்கு வாருங்கள். அப்பா ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?

அரூர்_வேலு:
முன்பு ஒன்பதரை. ரெண்டு உருண்டை களி, கீரைக்கடைசல், உடனே படுக்கை. இப்போது டாக்டர் சொல்லி ஏழு மணிக்கே. அதற்கும் செங்கல்லுக்கும் என்ன?

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
மாட்டினார்! படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டால் யாருக்கும் எதுக்களிப்பு குறையும். நின்றது ஏழு மணியால், பெயர் செங்கல்லுக்கு.

பென்னாகரம்_கேழ்வரகு:
களி மேல் பழி போடாதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் களி தின்று மலை ஏறிய ஊர் இது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மாங்கூழ் ஆலை வந்ததும் களி கசக்கிறது.

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
களியை யார் குறை சொன்னது? நானும் களிதான் தின்கிறேன், எட்டு மணிக்குள். 2004ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பிரித்தார்கள், நாக்கைப் பிரிக்கவில்லை.

பென்னாகரம்_கேழ்வரகு:
மாங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களே.

காரிமங்கலம்_அக்கா:
மாங்காய் எங்கள் பக்கமும் காய்க்கிறது, சண்டையை நிறுத்துங்கள். வேலு, இன்ஹேலர் நிஜமாகவே பரண்மேலா?

அரூர்_வேலு:
பரண் என்பது ஒரு பேச்சுக்கு அக்கா. தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. காலையும் ராத்திரியும் இழுக்கிறார், டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
பார்த்தீர்களா! இன்ஹேலர் ஓடுகிறது, களி ஏழு மணிக்கு, இதற்கு நடுவில் செங்கல் டாக்டர் ஆகிவிட்டது. இவர் எழுதியதைப் படித்து எவனாவது நிஜமாகவே இன்ஹேலரைப் பரண்மேல் போட்டு நள்ளிரவில் திணறினால், ஆம்புலன்ஸில் செங்கல்லையா ஏற்றுவீர்கள்?

தொப்பூர்_கணவாய்:
தலைமாட்டை உயர்த்தச் சொல்வது வைத்திய முறைதான். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அமுங்கும், அதனால்தான் கட்டில் காலையே தூக்குகிறார்கள். ஆறு முதல் எட்டு அங்குலம்.

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
எனக்குப் பாடமா? ஒரு செங்கல் மூன்று அங்குலம். ஒரு காலுக்கு ஒன்று என்றால் ரெண்டு செங்கல்லில் மூன்று அங்குலம்தான் உயரும். கணக்கே இடிக்கிறது.

அரூர்_வேலு:
இப்போதுதான் டேப் வைத்து அளந்தேன். ஏழே முக்கால். ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. அது செங்கல் இல்லை, ஹாலோ பிளாக். கிணற்றடியில் மிச்சம் கிடந்தது.

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
அப்போ செங்கல் என்று எழுதியதே பொய்!

பென்னாகரம்_கேழ்வரகு:
பிளாக் கிருஷ்ணகிரியில் வாங்கியதாக இருக்கும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
ஊதிப் பார்த்தார்களா இல்லையா?

காவேரிப்பட்டணம்_மருந்துக்கடை:
ஹாலோ பிளாக்காம். நாளைக்குக் கடை திறந்ததும் 412 பேரைப் பற்றி முழுசாக எழுதுகிறேன், இருங்கள்.