வான்கோழி இறக்கை எலும்பு யெல்ப்பர்: சத்தம் நின்னு போச்சு, அவசரம்

புதுக்காடு
வணக்கம். இறக்கையோட மூணு எலும்பையும் (வாய்ப் பக்கம் மெல்லிசான ரேடியஸ், நடுவுல அல்னா, கடைசியா அகலமான ஹ்யூமரஸ்) கோத்து ஒட்டி முதல் முறையா யெல்ப்பர் செஞ்சேன், அதான் பெட்டை மாதிரிக் குரல் கொடுத்து வான்கோழியை வேட்டைக்கு வரவழைக்கிற கருவி. அன்னைக்கு ராத்திரி அருமையா கூப்பிட்டுச்சு. நாலு நாள் கழிச்சு எடுத்தா வெறும் காத்துதான் வருது. மேல அடிச்ச வார்னிஷ் பிசுபிசுங்குது, அங்கங்க மஞ்சள் திட்டு வேற. இங்க பென்சில்வேனியாவுல வர்ற சனிக்கிழமை வசந்த வேட்டை சீசன் தொடங்குது. என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

குழல்விரல்
பெட்டையா, சேவலா? காட்டுப் பறவையா, கடையில வாங்கினதா? எப்படிச் சுத்தம் பண்ணீங்க, என்ன பசை? இது எதுவுமே சொல்லலையே.

ஆரஞ்சுத்தொப்பி
முதல்ல ஒண்ணு: ஊதுறீங்களா, உறிஞ்சுறீங்களா? புல்லாங்குழல் மாதிரி ஊதினா இதுல ஒண்ணும் வராது. உதட்டைக் குவிச்சு, முத்தம் கொடுக்கிற மாதிரி காத்தை உள்ள இழுக்கணும். துடிக்கிறது உதடு, எலும்பு அதைப் பெருசாக்கிக் கொடுக்குது. வாய் காய்ஞ்சிருந்தாலும் வராது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி பாருங்க.

புதுக்காடு
உறிஞ்சித்தான் அண்ணே. முதல் நாள் வந்துச்சே.

நாணல்காடு
ஹ்யூமரஸைக் கழட்டிப் போட்டுட்டு அந்த இடத்துல நாணல் தண்டு வைங்க. அந்தக் கால வான்கோழி வேட்டைக்காரர் சார்லஸ் ஜோர்டன் பேரைச் சொல்ற பழைய யெல்ப்பர் எலும்பும் நாணலும் சேர்ந்ததுதான். ஹ்யூமரஸுக்குள்ள முனைப் பக்கம் சிலந்தி வலை மாதிரி எலும்பு இழை குறுக்கும் நெடுக்குமா ஓடும். அதைச் சுரண்டி எடுக்காம விட்டா சத்தம் அடைச்சுக்கும். நாணல்ல அந்தத் தொல்லையே இல்ல.

மரத்தூள்
இதே கேள்வி ஒவ்வொரு ஏப்ரலும் இங்க வருது. பழைய இழையை, அதான் பழைய பேச்சுத் தொடரை, தேடிப் படிக்க யாருக்கும் நேரமில்ல, எலும்பைக் காய வைக்கவும் நேரமில்ல. தம்பி, சனிக்கிழமைக்கு வேணும்னா இந்த வேலையை ஜனவரியில தொடங்கியிருக்கணும். எட்டு நிமிஷ வீடியோவுல எட்டு வார வேலையைக் காட்ட மாட்டாங்க. குழல்விரல் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

புதுக்காடு
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். கூட வேலை பார்க்கிறவர் போன இலையுதிர் சீசன்ல சுட்ட காட்டுப் பெட்டை. இறக்கையை ஃப்ரீசர்ல வச்சிருந்து கொடுத்தார். குக்கர்ல நல்லா கொதிக்க விட்டேன், ரெண்டு மணி நேரம். கம்பியால மஜ்ஜையைக் குத்தி எடுத்தேன். ஒரு நாள் வெயில்ல காய வச்சு, அஞ்சு நிமிஷத்துல இறுகுற எபாக்ஸி பசை போட்டு ஒட்டி, மரத்துக்கு அடிக்கிற ஆயில் வார்னிஷ் ரெண்டு கை.

தேன்மெழுகு
இப்ப புரியுது. எலும்புல கொழுப்பு அப்படியே இருக்கு. நல்லி எலும்பு சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும், உள்ள எவ்வளவு நெய் இருக்கும்னு. பறவை எலும்பு மெல்லிசா இருக்கேன்னு ஏமாந்துடறோம். ஹ்யூமரஸ் காத்தடைச்ச எலும்பு, அதுல மஜ்ஜை கிடையாது. ஆனா அல்னாவுலயும் ரேடியஸ்லயும் உண்டு. தளதளன்னு கொதிக்க விட்டா அந்தக் கொழுப்பு உருகி எலும்புச் சுவருக்குள்ள ஊறிடும். குக்கர் அதைவிட மோசம், எலும்பே பலமிழந்து போகும். பிறகு நாள் ஆக ஆகக் கொழுப்பு வெளியே கசியும். வார்னிஷ் காயாததும் மஞ்சள் திட்டும் அதனாலதான். எண்ணெய் மேல எபாக்ஸி பிடிக்காது, இணைப்புல மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். முதல் நாள் சத்தம் வந்து இப்ப நின்னதுக்கு என் கணிப்பு இதுதான்.

உறுதிப்படுத்த ஒரு வழி: அகலமான முனையை விரலால அடைச்சுக்கிட்டு, இணைப்பு மட்டும் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி பிடிச்சு, வாய்ப் பக்கம் மெதுவா ஊதுங்க. குமிழி எங்க வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

புதுக்காடு
ரெண்டு இணைப்புலயும் வருது. அல்னா, ஹ்யூமரஸ் சேர்ற இடத்துல நிறைய.

தேன்மெழுகு
அப்ப பிரிச்சுத்தான் ஆகணும். சுடுதண்ணியில, கொதிக்கிற தண்ணி வேண்டாம், சில நிமிஷம் வைங்க. அஞ்சு நிமிஷ எபாக்ஸி சூட்டுல இளகும். மெல்லத் திருகினா கழண்டு வரும், வலுவா முறுக்காதீங்க. வார்னிஷை அசிட்டோன் தொட்ட துணியால துடைச்சிடுங்க, வெட்டவெளியில, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

அப்புறம் பாத்திரம் கழுவுற திரவ சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைங்க. தினம் தண்ணியை மாத்துங்க. மேல எண்ணெய்ப் படலம் மிதக்கிற வரைக்கும் இந்த வேலை முடியல. வாரக் கணக்குல ஆகலாம். அது நின்ன பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு நாள். பாத்திர மூடியை இறுக்காதீங்க, வாயு கிளம்பும். நிழல்ல காய வைங்க, வெயில்ல வச்சா விரிசல் விழும். இணைப்புல பருத்தி நூலைச் சுத்தி, 24 மணி நேரம் எடுக்கிற எபாக்ஸி. உப்புத்தாள் போடும்போது எலும்பை ஈரமா வச்சுக்கிட்டு மாஸ்க் போடுங்க, எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கடைசியா தேன்மெழுகு தேய்ச்சா போதும். என் பேரே அதுதான், ஆனா உண்மையாவே சொல்றேன், கையில பிடிக்க அதுபோல சுகம் வார்னிஷ்ல இல்ல.

நாணல்காடு
பெராக்சைடுக்கு ஒரு நாள் எதுக்கு? கொஞ்சம் பிளீச் போட்டா அரை மணி நேரத்துல வெளுத்துடும்.

தேன்மெழுகு
தயவுசெஞ்சு இதை யாரும் செய்யாதீங்க. பிளீச் எலும்பைப் பிடிச்சு வச்சிருக்கிற கொலாஜன்ங்கிற புரதத்தையே அரிச்சிடும். அன்னைக்குப் பளிச்சுன்னு இருக்கும், பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும். இது வாயில வைக்கிற பொருள்.

நாணல்காடு
நான் ரெண்டு செஞ்சேன், இதுவரைக்கும் உதிரலையே.

ஆரஞ்சுத்தொப்பி
வெளுக்க வைக்கவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. சேவல் வான்கோழி தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அதனாலதான் காட்டுக்குள்ள அந்த நிறத்துல எதுவும் போடாதேன்னு வேட்டைப் பாதுகாப்பு வகுப்புல சொல்றாங்க. பெட்டை குரல் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற உங்க கையில வெள்ளையா ஒண்ணு அசைஞ்சா, தூரத்துல வேற ஒருத்தன் என்னன்னு நினைப்பான்? நான் வால்நட் தோல் சாயத்துல முக்கிப் பழுப்பாக்கிடுவேன்.

மரத்தூள்
முதல் தடவையா இந்த இழைல உருப்படியான பேச்சு.

வயல்வரப்பு
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்த் தோட்டத்துல மயில் அடிக்கடி செத்துக் கிடக்கும். அந்த எலும்புல செய்யலாமா? நீளமா இருக்கும்.

குழல்விரல்
தொடவே தொடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மயில் முதல் அட்டவணையில இருக்கு. தானா செத்ததா இருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லணும், எடுத்துட்டுப் போகக் கூடாது. அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்: கீழ கிடந்த பருந்து, கொக்கு எலும்பை எடுத்தா 1918 வலசைப் பறவைச் சட்டம் பாயும். வான்கோழி அந்தப் பட்டியல்ல இல்ல.

எலும்பு ஊதல் செய்ற ஆசை மனுஷனுக்கு ரொம்பப் பழசு. இஸ்ரேல் வடக்குல ஐனான்-மல்லாஹாவுல கிடைச்ச 12,000 வருஷம் பழைய ஏழு எலும்பு ஊதல்களைப் பத்தி 2023-ல ஆய்வு வந்துச்சு. சின்ன நீர்ப்பறவை எலும்புல துளை போட்டிருக்காங்க. மாதிரி செஞ்சு ஊதினப்ப வல்லூறு மாதிரிப் பறவைகளோட குரல் வந்துச்சாம்.

நாணல்காடு
அப்ப அதுவும் வேட்டைக்குத்தான்.

குழல்விரல்
அப்படி முடிவு கட்ட முடியாது. பறவையை அழைக்கவா, பாட்டுக்கா, சடங்குக்கான்னு ஒண்ணுக்கு மேல வாய்ப்பு இருக்கு. வேட்டைக்காரன் கண்ணுல எல்லாமே வேட்டைதான்.

மரத்தூள்
இது வேற இழைக்கான பேச்சு. கேள்வி கேட்ட தம்பி எங்க?

புதுக்காடு
இருக்கேன். சுடுதண்ணியில கழண்டுச்சு. ரேடியஸ் முனை கொஞ்சம் சிதறிடுச்சு, வெட்டி நேராக்கியாச்சு. சனிக்கிழமை கடையில வாங்கின பாக்ஸ் கால் (மரப்பெட்டியை உரசி வான்கோழிக் குரல் எழுப்புறது) எடுத்துட்டுப் போனேன். ஒண்ணும் வரல. எலும்பு கேரேஜ்ல சோப்புத் தண்ணியில கிடக்கு. இன்னைக்கு ஒன்பதாவது தண்ணி, இன்னும் எண்ணெய் மிதக்குது.

தேன்மெழுகு
விடாதீங்க. ரேடியஸ் எவ்வளவு குறைஞ்சுச்சு? கொஞ்சம்னா குரல் மாறுறது தெரியாது. நிறைய வெட்டியிருந்தா சொல்லுங்க, ஒட்டுறதுக்கு முன்னாடி அல்னாவுக்குள்ள எவ்வளவு நுழைக்கிறதுன்னு பார்த்துச் செய்யலாம்.

ஆரஞ்சுத்தொப்பி
புதுக்காடு, பதில் போடுங்க. மே கடைசி வரைக்கும் சீசன் இருக்கு.