புதுப்பிப்பு: விளம்பரப் பணத்தில் குறைந்த 2,800 ரூபாய் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது

2025-26 கணக்கு முடிக்கும்போது இங்கே கேட்டிருந்தேன்: சமையல் சேனல் விளம்பரத்துக்கு 60,000 பேசி, 10 சதவீத டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) போக 54,000 வரவேண்டிய இடத்தில் 51,200தான் வந்தது. பதில் சொன்னவர்களுக்கு நன்றி. நம் பெயரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்க்கச் சொன்ன திருநகர் அண்ணன் யோசனைதான் பலித்தது.

அதில் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் (தொழில்முறைக் கட்டணம்) 6,000, தனியாக 194ஆர் பிரிவில் (பொருளாகத் தரும் சலுகை) 2,800. வீடியோவுக்கென்று விளம்பரம் கொடுத்த கம்பெனி அனுப்பிய கிரைண்டரும் மிக்ஸியும்தான் அது! மதிப்பு 28,000. இலவசமாகத் தரும் பொருள் வருடத்துக்கு 20,000-ஐத் தாண்டினால் அதற்கும் 10 சதவீதம் பிடிக்க வேண்டுமாம். வீடியோ எடுத்ததும் திருப்பி அனுப்பியிருந்தால் இந்த வரியே கிடையாது. எங்கே, அம்மா அன்றைக்கே நாலு படி இட்லிமாவு ஆட்டிவிட்டார்.

அப்புறம், திருமங்கலம் ஆடிட்டர் அந்த 28,000-ஐயும் வருமானத்தில் சேர்த்தார். பிடித்த 8,800-ஐ வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்.