சைக்கிளைக் கடைக்குள் கொண்டுவர விடலாமா? பாளையில் நடந்ததை வைத்து ஒரு கேள்வி

பாளை சைக்கிள்காரன்:
போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது இது. கடைப் பெயர் வேண்டாம். வேலை முடிந்து வரும் வழியில் பாலும் காய்கறியும் வாங்கலாம் என்று நின்றேன். வாசல் முழுக்க ஸ்கூட்டரும் பைக்கும். சைக்கிளைச் சேர்த்துப் பூட்ட ஒரு கம்பிகூட இல்லை. அடித்தளத்தில் இருக்கும் பார்க்கிங்குக்குப் போனால், "சைக்கிளுக்கு டோக்கன் கிடையாது சார், வெளியே விடுங்கள்" என்கிறார் காவலாளி. சரி என்று உருட்டிக்கொண்டே கண்ணாடிக் கதவுக்குள் போய், தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த மூலையில் ஓரமாகச் சாய்த்தேன். மேலாளர் வந்து உடனே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார். என்னுடைய முந்தைய சைக்கிள் இதே மாதிரி ஒரு கடை வாசலில்தான் திருடு போனது. பூட்டித்தான் வைத்திருந்தேன். பூட்டோடு தூக்கிப் போய்விட்டார்கள்.

சைக்கிளுக்கு வேண்டியது 6 அடி நீளம், 2 அடி அகலம். மொத்தமே 12 சதுர அடி. வெளியே பூட்டவும் வழி செய்யாத, உள்ளே இடமும் இருக்கிற பெரிய கடைகள் சைக்கிளை உள்ளே விட வேண்டும் என்பது என் கருத்து. உங்களுக்கு எப்படிப் படுகிறது?

மேலரதவீதி மளிகை:
தம்பி, சைக்கிள் போனதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. திருநெல்வேலி டவுனில் எங்கள் கடை முகப்பு 9 அடிதான். அரிசி, சீனி, பருப்பு மூடையெல்லாம் வாய் திறந்தபடி இருக்கும். சைக்கிள் டயரோ மார்க்கெட் சகதியிலும் சாணியிலும் ஏறி வருகிறது. மழைக்காலத்தில் மட்கார்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் டைல்ஸ் தரையில் விழுந்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். செயின் கிரீஸ் ஒரு அம்மாவின் பட்டுச் சேலையில் பட்டால் யார் பதில் சொல்வது? பெரிய கடைக்கு மட்டும்தான் என்கிறீர்கள். அங்கேயும் விற்பது சாப்பிடுகிற பொருள்தானே. சாயங்காலம் 6 மணிக்கு மேல் பில் போட நிற்கிற வரிசையைப் பாருங்கள், ஆள் நிற்கவே இடமில்லை.

பாளை சைக்கிள்காரன்:
அண்ணாச்சி, உங்கள் கடைக்குள் நான் வரவே வேண்டாமே. படியில் ஒரு காலை வைத்து, சைக்கிளை இடுப்பில் சாய்த்தபடியே அரைக் கிலோ உளுந்து வாங்கிவிடலாம். வண்டி என் கையில் இருக்கும், இல்லையென்றால் உங்கள் கண்ணில் இருக்கும். ரதவீதிகளில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாங்கினார்கள். உள்ளே கொண்டுவருகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல். வாங்குகிறவர் உள்ளே, சைக்கிள் வெளியே, நடுவில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த கண்ணாடி. கடையின் அமைப்பை மாற்றியவர்கள் சைக்கிள்காரரை நினைத்துப் பார்க்கவில்லை. டயர் அழுக்கு என்கிறீர்கள். செருப்பும் அதே தெருவில் நடந்துதான் உள்ளே வருகிறது.

மேலப்பாளையம் சைக்கிள் ஒர்க்ஸ்:
முதலில் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. பின்சக்கரத்தில் இருக்கிற ரிங் லாக் சக்கரம் சுற்றாமல் தடுக்கும், அவ்வளவுதான். வண்டியைத் தூக்கினால் பூட்டும் சேர்ந்தே போகும். பழைய மாடல் சைக்கிள் கிட்டத்தட்ட 20 கிலோ. கியர் சைக்கிள் அதைவிட இலேசு, ஆட்டோவில் ஏற்ற ஒரு ஆள் போதும். மெல்லிய கேபிள் லாக்கை ஒரு கட்டர் வைத்து நறுக்கிவிடுவார்கள். நல்ல யு லாக் வாங்கி, ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் தரையில் ஊன்றிய கம்பியோடு சேர்த்துப் பூட்டினால்தான் பாதுகாப்பு. முன்சக்கரத்தில் குயிக் ரிலீஸ், அதாவது ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்றுகிற பிடி இருந்தால் அதை எடுத்துவிட்டு நட்டு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சக்கரம் மட்டும் தனியாகப் போகும்.

சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாது. அந்தக் காலத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் வருடா வருடம் வரி வாங்கிக்கொண்டு வண்டியில் மாட்ட ஒரு தகட்டு வில்லை கொடுப்பார்கள், அதுவும் நின்றுபோனது. இப்போது இருக்கிற ஒரே அடையாளம் பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் ஃபிரேம் நம்பர். இன்றைக்கே வண்டியைக் கவிழ்த்து அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

உள்ளே விடுவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது வருகிற கியர் சைக்கிள் பலவற்றில் ஸ்டாண்டே கிடையாது. எதன் மேலாவது சாய்க்க வேண்டும். கடைக்குள் குழந்தைகள் ஓடுவார்கள். சாய்ந்து விழுந்தால் ஹேண்டில்பார் முனை சரியாகக் குழந்தை முகத்துக்கு வரும்.

சாய்தளம்:
நான் மூன்று சக்கர வண்டியில் போகிறவன். கடைகளில் சாய்தளம் கட்டியது என்னைப் போன்றவர்களுக்காக. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறோம். இன்று அந்தச் சாய்தளத்தின் மேலேயே பைக்கையும் சைக்கிளையும் நிறுத்துகிறார்கள். என் வண்டி உள்ளே போவதும் உங்கள் சைக்கிள் உள்ளே போவதும் ஒன்றல்ல. நீங்கள் இறங்கி நடக்கலாம், நான் இறங்க முடியாது. ரேக்குகளுக்கு நடுவில் இருக்கிற வழியில் நான் திரும்புவதே சிரமம். அங்கே ஒரு சைக்கிள் நின்றால் வந்த வழியே பின்னால் போக வேண்டியதுதான். உங்கள் கோரிக்கை நடைமுறைக்கு வந்தால் முதலில் அடைபடுவது என் பாதை.

பாளை சைக்கிள்காரன்:
நீங்கள் சொல்வது நியாயம். ரேக்குகளுக்கு நடுவே யாரும் சைக்கிளை உருட்டக் கூடாது. நான் கேட்பது கதவுக்கு உள்ளே, நடைபாதையில் படாமல், தள்ளுவண்டிகள் நிற்கும் மூலையில் ஒரு பகுதி. சாய்தளத்தில் வண்டி நிறுத்துகிறவர்களைக் கடைக்காரர்கள் விரட்ட வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

முக்கூடல் டீச்சர்:
இங்கே பேச்சு எல்லாம் கியர் சைக்கிளைப் பற்றியே இருக்கிறது. எங்கள் பக்கம் சைக்கிள் என்றால் 11-ஆம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா மிதிவண்டி. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். முதலில் மாணவி ஓட்டுவாள். அவள் படிப்பு முடிந்ததும் அம்மா பீடி சுற்றிய தட்டைக் கடையில் கொடுக்க அதில்தான் போவார். அப்பா வயலுக்கு எடுத்துப் போவார். அந்தச் சைக்கிள் போனால் ஒரு வீட்டின் போக்குவரத்தே போனது.

என் பயம் இதுதான். கடைக்குள் விடலாம் என்று ஒரு பழக்கம் வந்தால், ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிளில் ஹெல்மெட் போட்டு வருகிறவருக்கு மேலாளர் கதவைத் திறந்துவிடுவார். கேரியரில் சாக்குப்பை கட்டி வருகிற அம்மாவை வெளியே நிறுத்தச் சொல்வார். விதி என்று எழுதாமலே இப்படித்தான் நடக்கும், நான் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். அதனால் உள்ளே விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். எல்லாச் சைக்கிளுக்கும் ஒரே இடம், வெளியே, கூரையோடு, பூட்டுகிற கம்பியோடு வேண்டும். கூரை முக்கியம். நம் ஊர் வெயிலில் நின்றால் டியூபில் போட்ட பஞ்சர் ஒட்டு இளகிவிடும். பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பொருநை வக்கீல்:
டீச்சர் சொன்னதோடு சட்டத்தில் இருக்கிற ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்குப் பிரிவு 303(2). மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் திருடு போன பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவை தண்டனை பெறுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவை மட்டும். அதோடு, 5000-க்குக் கீழே உள்ள திருட்டில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் தாமாகப் புலனாய்வு செய்ய முடியாது. சில வருடம் ஓடிய அரசு மிதிவண்டியின் மதிப்பு 5000-க்கு மேல் நிற்குமா? எளியவரின் சைக்கிள் போனால் தேடித் தருவதற்கான கதவே பாதி மூடியிருக்கிறது. ஆகவே திருடு போகாமல் பார்ப்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு.

அப்புறம், "வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு" என்று போர்டு வைப்பது எல்லா இடத்திலும் செல்லாது. டெல்லியில் ஒரு ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் காணாமல் போன வழக்கில், வண்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு ஹோட்டல் கைவிரிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கத் தயங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். டோக்கன் கொடுத்தால் பொறுப்பும் வரும்.

மேலரதவீதி மளிகை:
வக்கீல் சார் சொல்வது எனக்குப் புரிகிறது. அதே காரணத்தால்தான் உள்ளே விடுவதும் ஆபத்து என்கிறேன். நாளைக்கு உள்ளே வைத்த சைக்கிளைக் காணோம் என்றால் என் கடைப் பையன்தான் எடுத்தான் என்பார்கள். பதினெட்டு வயதுப் பையன் மேல் அந்தப் பழி விழ நான் சம்மதிக்க மாட்டேன்.

உட்ரெக்ட்டில் ஒரு அம்பாசமுத்திரத்தான்:
சைக்கிள் மிக அதிகமாக ஓடுகிற நெதர்லாந்தில் இருந்துகொண்டு சொல்கிறேன். இங்கே சூப்பர் மார்க்கெட்டுக்குள் சைக்கிளை உருட்டிப் போகிற வழக்கம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் வாசலிலேயே நிறுத்தக் கம்பி இருக்கும். இந்த ஊர் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்துகிற இடம் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிதாக நம் ஊருக்கு வேண்டாம். ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 135 சதுர அடி. அந்த ஒரு இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும். பெரிய கடைக்காரர் ஒரு காரின் இடத்தை ஒதுக்கினால் போதும்.

பில்லிங் கவுண்டர்:
இந்த மாதிரி ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறேன். எங்களில் பாதிப் பேர் சைக்கிளில்தான் வருகிறோம். எங்கள் சைக்கிள்கள் பின்வாசலில் குடோன் ஓரமாக, கூரைக்கு அடியில், கேமரா பார்வையில் நிற்கின்றன. ஒன்றுகூடத் திருடு போனதில்லை. வாடிக்கையாளர் சைக்கிளையும் அங்கே விடலாமே என்று கேட்டால், சரக்கு இறங்குகிற இடம் என்பார்கள். சரக்கு வண்டி காலையில் வந்து போய்விடும். சாயங்காலம் முழுக்க இடம் சும்மாதான் கிடக்கிறது. கடைக்குள் எங்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்பதைக்கூட முடியாது என்றுதான் சொன்னார்கள். 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்த பிறகு ஸ்டூல் வந்தது. கடை அதனால் நின்றுபோகவில்லை.

பாளை சைக்கிள்காரன்:
அக்கா, இதைத்தான் நானும் சொல்கிறேன். இடம் இருக்கிறது, கொடுக்க மனம் இல்லை. கூரையோடு கம்பி வரட்டும், நான் ஏன் உள்ளே வரப்போகிறேன்? ஆனால் "கம்பி வந்த பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினால் கம்பி ஒருநாளும் வராது. நாலு பேர் சைக்கிளோடு உள்ளே வந்து நின்றால்தான் மேலாளர் முதலாளியிடம் பேசுவார். அதுவரை உள்ளே விடச் சொல்லிக் கேட்பது தவறில்லை.

முக்கூடல் டீச்சர்:
உள்ளே வந்து நின்றால் மேலாளர் முதலாளியிடம் பேச மாட்டார், காவலாளியைத்தான் திட்டுவார். காவலாளியும் சைக்கிளில் வருகிறவர்தான், தம்பி.

மேலப்பாளையம் சைக்கிள் ஒர்க்ஸ்:
கம்பி என்றால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் முன்சக்கரம் மட்டும் நுழைகிற மாதிரிச் சின்னக் கம்பி வைக்கிறார்கள். அது வேண்டாம். வண்டி சாய்ந்தால் ரிம் கோணிவிடும், பூட்டினாலும் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவார்கள். ஒன்றரை அங்குல இரும்புக் குழாயைக் கவிழ்த்த யு வடிவில் வளைத்து, இரண்டு காலையும் கான்கிரீட்டில் இறக்க வேண்டும். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை உயரம் போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள். ஸ்டாண்டு இல்லாத வண்டியும் அதில் சாய்ந்து நிற்கும். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை.

மேலரதவீதி மளிகை:
இதற்கு நான் தயார். ஆனித் தேரோட்டத்துக்கு நாலு ரதவீதியிலும் வண்டி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கிறோம், வியாபாரமும் நடக்கிறது. என் கடை வாசலில் நிற்கிற பைக்கில் பாதி என் வாடிக்கையாளருடையதும் இல்லை, காலையில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போகிறவர்களுடையது. ஆனால் இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. கடைப் படிக்கு முன்னால் இருப்பது சாக்கடை மேல் போட்ட சிலாப், அது மாநகராட்சியுடையது. அதில் நான் துளை போட முடியாது. தெருவிலும் நட முடியாது, தேர் வருகிற பாதை. கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்ய முடியுமா அண்ணே?

மேலப்பாளையம் சைக்கிள் ஒர்க்ஸ்:
முடியும் அண்ணாச்சி. தரையோடு தரையாக இரும்புச் சட்டி பதித்து, குழாயை அதில் இறக்கிப் போல்ட் போடலாம். தேருக்கு முந்தின நாள் கழற்றிக்கொள்ளலாம். சட்டி பதிக்க அனுமதி மட்டும் நீங்கள் வாங்க வேண்டும்.

சாய்தளம்:
அந்த அனுமதிக்கு மாநகராட்சிக்கு மனு எழுதும்போது சாய்தளத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கம்பி வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். என் வண்டி திரும்ப 5 அடி வேண்டும்.

பாளை சைக்கிள்காரன்:
எழுதுகிறேன். அண்ணாச்சி பெயரில் ரதவீதிக்கு ஒரு மனு, பாளையில் அந்தக் கடை முதலாளிக்கு ஒரு கடிதம். குடோன் ஓரத்து இடத்தை சாயங்காலம் 4 மணிக்கு மேல் வாடிக்கையாளருக்குத் திறந்துவிடச் சொல்லி அதில் கேட்கப்போகிறேன். பதில் வரும் வரை கதவுக்கு உள்ளே மூலையில் வைக்க அனுமதி என்பதையும் சேர்த்தே கேட்பேன், டீச்சர்.

முக்கூடல் டீச்சர்:
அந்தக் கடைசி வரி இருக்கிற கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மனுவில் போடுகிறேன்.