மேக்னிஃபையர் போட்டால் துணைமெனு சிக்குவதே இல்லை, வழி சொல்லுங்கள்

நெல்லைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஸ்டார்கார்ட் நோய். பார்வையின் நடுப்பகுதி மங்கல், ஓரப் பார்வை பரவாயில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. விண்டோஸ் 11, அதில் திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையர் முழுத்திரையில், 400 சதவீதம். எழுத்தை வாசிப்பதில் பிரச்சினை இல்லை. மெனுதான் பாடாய்ப் படுத்துகிறது.

ஒரு ஃபைலைப் பென் டிரைவில் போட வேண்டும். ரைட் கிளிக், 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்', அதில் 'சென்ட் டு'. பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரிந்திருக்கும் என்று தெரியும், ஆனால் நான் பார்க்கும் பகுதியில் அது இல்லை. தேடிக்கொண்டு மவுஸை நகர்த்தினால் சுட்டி கீழே உள்ள 'கட்' மேலோ 'காப்பி' மேலோ ஏறிவிடுகிறது, விரிந்த பட்டியல் மூடிக்கொள்கிறது. வீட்டு லேப்டாப்பில் இன்னும் மோசம், மெனுவே சுட்டிக்கு இடப்பக்கம் திறக்கிறது. பக்கத்து மேசைத் தம்பியைக் கூப்பிட்டால் உடனே செய்து தருவான். நானே செய்ய வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன்.

டெஸ்க்டாப் மணி:

மேக்னிஃபையரை விட்டுவிட்டு டிஸ்ப்ளே ஸ்கேலை 200 ஆக்கிப் பாருங்களேன். மெனுவும் சேர்ந்து பெரிதாகும்.

நெல்லைக்காரி:

பார்த்தேன் சார். எங்கள் கணக்கு மென்பொருள் பழையது. ஸ்கேலை ஏற்றினால் 'சேவ்' பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது, ஸ்க்ரோல் செய்யவும் வழியில்லை.

குழல்பார்வை:

அக்கா, எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. உங்களுக்கு நேர் எதிர்: நடுவில் தெரியும், ஓரம் போய்விட்டது. குறைபார்வை உள்ளவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இந்தத் துணைமெனுதான். உங்களுக்குக் கை பழகவில்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

400 சதவீதம் என்றால் அகலத்தில் கால் பங்கு, உயரத்தில் கால் பங்கு. திரையில் பதினாறில் ஒரு பங்குதான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. 1920க்கு 1080 திரையில் அது வெறும் 480க்கு 270. மெனுவை வடிவமைத்தவர் முழுத் திரையும் தெரியும் என்று நினைத்துச் செய்திருக்கிறார். சுட்டி வேறு வரிக்குப் போனால் விண்டோஸ் வழக்கமாக 400 மில்லிவினாடிதான் பொறுக்கும், அதற்குள் நீங்கள் போய்ச் சேர வேண்டும். முடிகிற காரியமா?

அதனால் மெனுவுக்கு மட்டும் மவுஸை விட்டுவிடுங்கள். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேக்னிஃபையர் செட்டிங்ஸ் வரும். அதில் 'கீபோர்ட் ஃபோகஸ்' (கீபோர்டால் தேர்வாகியிருக்கும் இடம்) என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் ஃபைலைத் தேர்ந்து ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' இல்லாமல் நேரே பழைய மெனு வரும். அம்புக்குறியால் 'சென்ட் டு' வரை இறங்கி, வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். துணைமெனு திறக்கும், பெருக்கிய பார்வையும் தானாக அங்கே தாவும். நீங்கள் தேடிப் போக வேண்டாம், அது உங்களிடம் வரும். என்னிடம் படிக்கிறவர்கள் முகம் மலர்வது இந்த இடத்தில்தான்.

வீட்டு லேப்டாப் டச் ஸ்கிரீனா? அப்படியென்றால் மெனு இடப்பக்கம் திறப்பதற்குக் காரணம் இருக்கிறது. வலது கையால் தொடுகிறவருக்குக் கை மறைக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்', 'அதர்' பக்கம், அங்கே 'லெஃப்ட் ஹேண்டட்' என்று மாற்றினால் வலப்பக்கம் திறக்கும்.

மவுஸ்தான் வேண்டும் என்றால் அதே மேக்னிஃபையர் செட்டிங்ஸில் சுட்டி எப்போதும் திரையின் நடுவில் இருக்கும்படி வையுங்கள். சுட்டிக்கு முன்னால் பாதித் திரை எப்போதும் தெரியும். துணைமெனுவுக்குப் போகும்போது சாய்வாகப் போகாதீர்கள்: முதலில் அந்த வரியிலேயே நேராக வலப்பக்கம், அதற்குள் நுழைந்த பிறகுதான் கீழே. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் கண்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் பார். முழுத் திரையையும் ஒருமுறை காட்டிவிட்டுப் பழையபடி திரும்பும்.

உபுண்டு பயனர்:

நான் உபுண்டு லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் பயன்படுத்துகிறேன். சூப்பர் (விண்டோஸ் கீதான்), ஆல்ட், 8 அழுத்தினால் மேக்னிஃபையர் வரும். இடது மேல் மூலையில் சுட்டி பட்டாலே எல்லா விண்டோவும் விரிவது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. செட்டிங்ஸில் 'ஹாட் கார்னர்' என்பதை அணைத்ததும் நின்றது.

நெல்லைக்காரி:

தம்பி, ஷிஃப்ட் எஃப்10 அருமை! லேப்டாப் டச் ஸ்கிரீன்தான், அதையும் மாற்றிவிட்டேன். ஆனால் கணக்கு மென்பொருளில் அம்புக்குறி நகர்கிறது, பார்வை அதே இடத்தில் நிற்கிறது.

குழல்பார்வை:

அந்த மென்பொருள் மெனுவைத் தானாகவே வரைந்துகொள்கிறது என்று நினைக்கிறேன் அக்கா. எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று விண்டோஸிடம் சொல்லாவிட்டால் மேக்னிஃபையரால் பின்தொடர முடியாது. இதில் நாம் செய்ய அதிகம் இல்லை, அவர்கள்தான் திருத்த வேண்டும். எழுதுங்கள். "பயன்படுத்த முடியவில்லை" என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. எந்த மெனு, எந்தக் கீ, எத்தனை சதவீதம் என்று எழுதி, கீபோர்ட் ஃபோகஸை விண்டோஸுக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூசிஏஜி விதிகள் இருக்கின்றன; 2018இல் வந்த அதன் 2.1 பதிப்பில் 1.4.13ஆம் விதியையும் குறிப்பிடுங்கள். சுட்டியை வைத்தால் விரிவது எஸ்கேப்பில் மூட வேண்டும், அதன் மேல் சுட்டி போனாலும் மறையக் கூடாது, தானாக ஓடிவிடவும் கூடாது என்கிறது அது. வலைப்பக்கங்களுக்காக எழுதியதுதான், ஆனால் அதில் சொல்லியிருப்பது உங்கள் சிக்கலைத்தான். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், அதே மென்பொருளில் வேலை செய்கிற இன்னும் சிலரை என்னிடம் படித்தவர்களில் எனக்குத் தெரியும். அவர்களையும் எழுதச் சொல்கிறேன்.