நோபல் வாங்கியவரே சொன்னால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

தேன்சிட்டு:
சதிக்கோட்பாடு என்று சொன்னால் உடனே ஒரு பேராசிரியர் பெயரை நீட்டுகிறார்கள். கொரோனா வைரஸில் எச்.ஐ.வி. துண்டுகள் செருகப்பட்டிருப்பதாக லுக் மொந்தாஞியே சொன்னது ஒன்று. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தூசியில் தெர்மைட் (உலோகத்தையே உருக்கும் அளவுக்குச் சூடாக எரியும் கலவை) கிடைத்தது, ஆகவே கோபுரத்தைத் திட்டமிட்டு வீழ்த்தினார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கட்டுரையே காட்டுகிறார்கள். அந்தத் துறை தெரியாத ஆள் எங்கிருந்து தொடங்குவது? "அவர் வேறு துறைக்காரர்" என்று சொன்னால் போதுமா?

கூர்மதி:
போதாது. மொந்தாஞியே வைரஸ் ஆய்வாளர்தான், 1983-ல் எச்.ஐ.வி.யைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர், 2008-ல் நோபல் பெற்றவர். ஆளை விடுங்கள், கூற்றைப் பிடியுங்கள்.

முதலில் கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். எச்.ஐ.வி. துண்டுக் கதையின் மூலம் 2020 ஜனவரி 31 அன்று பயோஆர்க்கைவ் தளத்தில் வந்த ஒரு ப்ரீபிரிண்ட். அதாவது, துறைசார்ந்த வேறு யாரும் மதிப்பிடாதது. விமர்சனம் குவிந்ததும் ஓரிரு நாளில் எழுதியவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மொந்தாஞியே தொலைக்காட்சியில் பேசியது அதற்குப் பிறகு, ஏப்ரலில்!

அடுத்தது கணக்கு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தால் குறிப்பார்கள். அவர்கள் காட்டிய துண்டுகளில் சில வெறும் 6 அமினோ அமில நீளம். அமினோ அமிலங்கள் 20 வகை. 6 இடத்துக்கு 20-ஐ ஆறு முறை பெருக்கினால் 6.4 கோடி சேர்க்கைகள். பொதுப் புரதத் தரவுத்தளங்களில் இருப்பதோ பல ஆயிரம் கோடி இடங்கள். தற்செயலாகவே நூற்றுக்கணக்கில் பொருந்தும்.

நீங்களே பார்க்கலாம். என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்க அரசு உயிரியல் தரவுத் தளத்தில் புரத பிளாஸ்ட் தேடலை (ஒரு துண்டு வேறு எந்தப் புரதங்களோடு பொருந்துகிறது என்று காட்டும் கருவி) திறந்து அந்த ஆறு எழுத்தை ஒட்டுங்கள். முடிவில் 'இ-வேல்யூ' பத்தியைப் பாருங்கள்: தற்செயலாக இத்தனை பொருத்தம் எதிர்பார்க்கலாம் என்பதுதான் அந்த எண். 1-ஐத் தாண்டினால் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லை. தேடலை எச்.ஐ.வி.க்கு மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அப்படிச் சுருக்கினால் எதைத் தேடினாலும் எச்.ஐ.வி.தானே வரும்.

பைரைட்:
தெர்மைட் கட்டுரை 2009-ல் 'ஓப்பன் கெமிக்கல் பிசிக்ஸ் ஜர்னல்' என்ற இதழில் வந்தது. கோபன்ஹேகன் வேதியியலாளர் நீல்ஸ் ஹாரிட், அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் ஜோன்ஸ் முதலானோர் எழுதியது. தனக்குத் தெரியாமலே அச்சேறியது என்று சொல்லி இதழின் தலைமை ஆசிரியர் மரி-போல் பிலேனி பதவி விலகினார். இதோடு நிறுத்தினால் "மிரட்டி விலக வைத்தார்கள்" என்பார்கள். அதனால் செய்முறைப் பகுதிக்குப் போங்கள்.

தெர்மைட் என்பது அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும். எரியத் தேவையான ஆக்சிஜன் அந்த ஆக்சைடிலேயே இருக்கிறது, காற்று வேண்டாம். தூசியில் அவர்கள் கண்ட செதில்கள் வெறும் பெயிண்டாகவும் இருக்கலாம் அல்லவா? ஆக்சிஜன் இல்லாத ஆர்கான் வாயுவில் சூடாக்கினால் தெர்மைட் எரியும், பெயிண்டில் உள்ள பிசின் எரியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சோதனைதான். அவர்களோ டி.எஸ்.சி. கருவியில் (சூடாக்கும்போது வெளிவரும் வெப்பத்தை அளப்பது) காற்றிலேயே சூடாக்கினார்கள். காற்றில் பிசினும் எரியும்.

அவர்கள் எண்ணே காட்டிக்கொடுக்கிறது. தெர்மைட் கிராமுக்கு அதிகபட்சம் 3.9 கிலோஜூல்தான் தரும். அவர்களின் ஒரு மாதிரி ஏறக்குறைய 7.5 தந்தது. மீதி வெப்பம் எங்கிருந்து வந்தது? வேறு ஏதோ எரிந்திருக்கிறது.

வெண்கொக்கு:
சரி, ஆனால் இப்படிப் பேசுபவர்களைப் பல்கலைக்கழகங்கள் துரத்துவதும் நடக்கிறதே. ஜேம்ஸ் டிரேசியை வேலையை விட்டே எடுத்தார்கள். வாயடைப்பு இல்லையா?

பைரைட்:
டிரேசி, அமெரிக்காவில் 2012-ல் நடந்த சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூடு நாடகமாக இருக்கலாம் என்று எழுதியவர். புளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகம் 2016 ஜனவரியில் அவரை நீக்கியபோது காட்டிய காரணம், வெளிவேலைகளைத் தெரிவிக்கும் படிவங்களைத் தராதது. அது சாக்குதான் என்று வழக்குப் போட்டார். 2017-ல் ஜூரி பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. படிவம்தான் உண்மையான காரணமா என்று நீங்கள் சந்தேகப்படலாம், தப்பில்லை. ஆனால் எதிர் உதாரணமும் உண்டு. யூத இனப்படுகொலையை மறுத்து 1976-ல் புத்தகம் போட்ட ஆர்தர் பட்ஸ் நார்த்வெஸ்டர்னில் மின்பொறியியல் பேராசிரியர். பல்கலைக்கழகம் கண்டித்தது, வேலையைப் பறிக்கவில்லை. எப்படியானாலும் ஒருவரை நீக்கினார்களா இல்லையா என்பதை வைத்து அவர் சொன்னதைச் சரியென்றோ தவறென்றோ முடிவுகட்ட முடியாது.

தேன்சிட்டு:
பீட்டர் டூஸ்பெர்க்கும் சொந்தத் துறைக்காரர்தானே? அங்கே பிளாஸ்ட், டி.எஸ்.சி. எதுவும் உதவாதே.

கூர்மதி:
ஆமாம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி. சேர்ந்த வைரஸ் வகை) ஆய்வில் பெரிய பெயர். எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. அல்ல, போதைப்பொருளும் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ஏ.இசட்.டி. மருந்தும் என்றார். அவருடைய கூற்றும் வழக்கமான கூற்றும் வெவ்வேறு விடை தர வேண்டிய ஒரு கூட்டத்தைத் தேட வேண்டும். ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) உள்ளவர்கள் அப்படிப்பட்டவர்கள்: போதைப்பொருளோடு சம்பந்தமில்லை, ரத்தப் பொருள்கள் வழியாகச் சிலருக்கு மட்டும் தொற்று.

பிரிட்டனில் கடுமையான ஹீமோஃபீலியா உள்ளவர்களின் கணக்கு 1995-ல் வெளியானது. 1977 முதல் 1984 வரை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8 இறப்பு. அதன்பின் 1992 வரை தொற்று இல்லாதவர்களிடம் அதே 8. தொற்று உள்ளவர்களிடம் 1991-92-ல் 81. ஏ.இசட்.டி.யைக் காரணம் காட்டவும் வழியில்லை: அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்ததே 1987-ல்தான், தொற்று உள்ளவர்களின் இறப்பு அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது.