புறஊதாப் படத்தில் இலையெல்லாம் வெள்ளையாக வருகிறது, ஏன்?

வேலிப்பூ (புதுக்குடியிருப்பு):

எல்லோருக்கும் வணக்கம். நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்து வளவுகளிலும் வரம்புகளிலும் தானாக முளைக்கிற பூக்களை, எங்கள் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் தேனீக்குத் தெரிகிற புறஊதா ஒளியில் எடுத்து ஒரு படவரிசையாகக் காட்சிக்கு வைக்க ஆசை. வன்னியைப் படமெடுக்க வருகிறவர்கள் ஒன்றில் இடிந்த சுவரை எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் குளத்தில் சூரியன் விழுவதை எடுக்கிறார்கள். ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் அத்தனை வருடமும் நெருஞ்சியும் ஆவரசும் பூத்துக்கொண்டுதான் இருந்தன, தேனீயும் வந்துகொண்டுதான் இருந்தது. அது எதைக் கண்டு வந்தது என்று காட்ட வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம்.

பழைய மிரர்லெஸ் கமரா ஒன்றில் சென்சருக்கு முன்னால் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற கண்ணாடியைக் கழற்றுவித்துவிட்டேன். லென்ஸ், மூடிவிட்ட ஒரு ஸ்ரூடியோவில் கிடந்த 80 மி.மீ. எல்-நிக்கோர் என்லார்ஜர் லென்ஸ், பிலிமிலிருந்து படத்தைப் பெரிதாக்கப் பாவிப்பது. பில்டர், புறஊதாவை விடுகிற இசட்.டபிள்யூ.பி. 2 கண்ணாடி. சூரியகாந்தியின் நடுவைச் சுற்றி அகன்ற கருவட்டம் தெரியும் என்று படித்தேன். எனக்கோ இதழ் முழுக்க ஒரே வெளிர் நிறம். பின்னால் நிற்கிற பூவரசு இலைகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

அடுத்தது காற்று. சோளகம் தொடங்கிவிட்டது, ஒரு செக்கன் திறந்து வைத்தாலே பூ ஆடிக் கலங்கிவிடுகிறது. காற்றில்லாத விடியப்புறத்தில் எடுத்தால் படம் இருட்டு. என்ன செய்யலாம்?

பழைய கமரா (கிளிநொச்சி):

டீச்சர், இலை வெள்ளையாக வந்தால் நீங்கள் எடுத்தது அகச்சிவப்புப் படம். பச்சை இலை அகச்சிவப்பை அள்ளித் திருப்பி விடும், புறஊதாவை விழுங்கிவிடும். சரியான புறஊதாப் படத்தில் பூவரசு இலை கறுப்பாகத்தான் நிற்கும். இனி எந்தப் படத்திலும் முதலில் இலையைப் பாருங்கள்.

அந்தப் பில்டர் 365 நானோமீற்றரை ஒட்டிய புறஊதாவை விடும், ஆனால் 700 பக்கத்தில் அகச்சிவப்பும் கொஞ்சம் கசியும். சென்சர் புறஊதாவை அரைகுறையாகத்தான் பிடிக்கும், அகச்சிவப்பை நன்றாகப் பிடிக்கும். அதனால் அந்தச் சின்னக் கசிவே படம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. கூடவே பி.ஜி. 39 அல்லது கியூ.பி. 39 என்கிற நீலப்பச்சைக் கண்ணாடியையும் போடுங்கள், கசிவு அடைபடும். படம் இன்னும் இருட்டாகும், அதற்குத் தயாராக இருங்கள்.

லென்ஸை மாற்றவே வேண்டாம். புதிய சூம் லென்ஸ்களில் கண்ணாடியும் பூச்சும் அதிகம், புறஊதா உள்ளே வராது. உங்களிடம் இருப்பது இந்த வேலைக்குத் தேடி வாங்குகிற சாமான். போக்கஸ் மட்டும் பில்டரைப் போட்ட பிறகு திரையில் பார்த்துச் செய்யுங்கள், வெறும் கண்ணுக்குச் சரியான இடம் புறஊதாவுக்குச் சரிவராது.

வெள்ளைச் சமநிலைக்கு, அதாவது எது வெள்ளை என்று கமராவுக்குக் காட்ட, தாள் வைக்காதீர்கள். தாளில் இருக்கிற வெண்மையூட்டி புறஊதாவை உறிஞ்சும். வெள்ளைப் பெயின்ரும் அப்படித்தான், அதிலுள்ள ரைற்றேனியம் டையொக்சைட்டால் சுவரே கறுத்துத் தெரியும். ஹாட்வெயாரில் பைப் மூட்டுக்குச் சுற்றுகிற ரெப்லோன் ரேப் இருக்கிறதே, அதை ஒரு மட்டையில் தடிப்பாகச் சுற்றிப் பூவுக்குப் பக்கத்தில் வையுங்கள். புறஊதாவிலும் அது வெள்ளைதான்.

விடியப்புறம் சரிவராது. சூரியன் தாழ நிற்கும்போது ஒளி காற்றுமண்டலத்துக்குள் கூடிய தூரம் வருகிறது, புறஊதா வழியிலேயே சிதறிப் போய்விடும். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் எடுங்கள். சோளகம் வரும் பக்கத்தில் இரண்டு கிடுகை நட்டு மறைப்புக் கட்டி, மேலே வெயில் விழ விடுங்கள். தண்டை ஈர்க்கோடு சேர்த்து நூலால் கட்டினால் ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும்.

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்):

பழைய பிளாஷின் முன் பிளாஸ்ரிக்கைக் கழற்றினால் புறஊதா வரும், காற்றுப் பிரச்சினையும் தீரும்.

பழைய கமரா:

வரும் தம்பி. ஆனால் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ற் அளவில் நிற்கும், பற்றறியைக் கழற்றினாலும் உடனே இறங்காது. வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும். வெளிச்சமும் நேரே கண்ணில் படக்கூடாது.

தேன்கூடு (வவுனியா):

நான் விவசாயம் படித்தவள், தேனீ வளர்க்கிறேன். அக்கா, ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழே 'தேனீ கண்ட பூ' என்று எழுதாதீர்கள். தேனீயின் கண் புறஊதா, நீலம், பச்சை மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது, சிவப்புத்தான் அதற்கு இல்லை. உங்கள் கமரா புறஊதாவை மட்டும் பிடிக்கிறது, படத்தில் வருகிற மஞ்சளும் ஊதாவும் சென்சரும் மென்பொருளும் கொடுக்கிற நிறங்கள். 'தேனீக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத பங்கு' என்றால் அது உண்மை.

சூரியகாந்தியின் கருவட்டம் தேனீக்கு மட்டுமானதும் அல்ல. 2022இல் வந்த ஓர் ஆய்வு, காட்டுச் சூரியகாந்திகளில் ஈரப்பதன் குறைந்த இடங்களில் அந்த வட்டம் பெரிதாக இருப்பதையும், வட்டம் பெரிதான பூ நீரை மெதுவாக இழப்பதையும் காட்டியது. நம் வரண்ட மண்ணில் நின்று படமெடுக்கிற உங்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

வேலிப்பூ:

மிக்க நன்றி. அந்த வசனத்தையே வைக்கிறேன் தங்கச்சி. கோலம் எதுவும் இல்லாத பூக்கள் வந்தால் அவற்றையும் வரிசையில் சேர்ப்பேன், அழகானதை மட்டும் பொறுக்கினால் வளவு முழுக்க அப்படித்தான் என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள். அண்ணை, நீலப்பச்சைக் கண்ணாடி வந்ததும் முதலில் எதை எடுத்துப் பார்க்க?

பழைய கமரா:

ரெப்லோன் மட்டை, ஒரு பூவரசு இலை, ஒரு சூரியகாந்தி மூன்றையும் ஒரே படத்தில் வையுங்கள். ஜேபெக் வேண்டாம், சென்சர் பிடித்ததை அப்படியே வைத்திருக்கிற ரோ பைலாக அனுப்புங்கள். இலை கறுத்திருந்தால் அடுத்த நாளே நெருஞ்சிக்குப் போகலாம்.